வைரல் ஃபீவர் வந்தவங்களுக்கு ரத்தக்கட்டி, ஸ்ட்ரோக்: வீட்ல இருக்கவங்க எதைப் பாக்கணும், எப்படி ஓடணும்

நான் சென்னைல ஒரு ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டில ஸ்டாஃப் நர்ஸ். வீட்ல ஜுரத்தோட படுத்திருக்க ஒருத்தரை கவனிச்சுக்கறவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். ஸ்ட்ரோக் (பக்கவாதம்) கேஸ் வரும்போது கூட வந்தவங்க அழுதுகிட்டே சொல்றது பெரும்பாலும் ஒரே விஷயம்தான், "நாலு நாளா ஜுரம் சிஸ்டர், அந்த அசதிலதான் பேசாம படுத்திருக்காருன்னு நெனச்சோம்." காலைல பத்து மணிக்கே பேச்சு குழற ஆரம்பிச்சிருக்கும், தூங்கட்டும்னு விட்டிருப்பாங்க, சாயங்காலம் எழுப்பினா கைகால் வராது, அப்புறம்தான் தூக்கிட்டு ஓடி வருவாங்க. நடமாடிட்டு இருக்க ஆளுக்கு திடீர்னு ஒரு கை விழுந்தா வீடே பதறிடும், ஆனா படுத்திருக்கவருக்கு அதே கை விழுந்தா யார் கண்ணுலயும் படாது, ஏன்னா அவர் காலைலேர்ந்து அந்தக் கையைத் தூக்கவே இல்ல. ஜுரம் ஸ்ட்ரோக்கை மறைச்சிடும், அதனால நாமளா தேடிப் பாத்தாத்தான் தெரியும்.

வைரஸுக்கும் ரத்தக்கட்டிக்கும் என்ன சம்பந்தம்

ரத்தக்குழாயோட உள்பக்கம் ரொம்ப வழவழப்பான ஒரு செல் வரிசை இருக்கு, நான்-ஸ்டிக் தவா மாதிரி, அது நல்லா இருக்க வரைக்கும் ரத்தம் எங்கயும் ஒட்டாம ஓடும், சுரண்டிட்டா ஒட்ட ஆரம்பிச்சிடும். வைரஸ் உள்ள வந்ததும் உடம்பு அதோட சண்டை போடுது, அந்தச் சண்டைல வர்ற வீக்கம் இந்த உள்வரிசையையும் கெடுக்குது. அதே நேரத்துல ஈரல் ரத்தம் உறையறதுக்கான புரதங்களை அதிகமா செய்யுது, ரத்தத்தை உறைய வைக்கற பிளேட்லெட் செல் எல்லாம் ஒட்டுற மூட்ல இருக்கும். இதுக்கு மேல, ஆள் படுத்தே கிடக்கிறார், தண்ணி சரியா குடிக்கல, வேர்த்துக் கொட்டுது, ரத்தம் கெட்டியாகி கால்ல தேங்குது. 1850கள்லயே விர்ச்சோவ்னு ஒரு ஜெர்மன் டாக்டர் எழுதினதை வச்சு, ரத்தம் குழாய்க்குள்ள உறைய மூணு காரணம்னு இன்னைக்கும் பாடத்துல சொல்லிக் குடுக்கறாங்க: குழாய்ச் சுவர் கெடுறது, ஓட்டம் மந்தமாகுறது, ரத்தமே உறையற தன்மைக்கு மாறுறது. ஒரு மோசமான வைரல் ஜுரம் இந்த மூணையும் ஒரே வாரத்துல கொண்டு வந்துடும்.

கொரோனா வந்தப்போதான் இது வெளில பெருசா பேசப்பட்டுச்சு. 2020 ஏப்ரல்ல நியூயார்க்ல ஒரு ஆஸ்பத்திரி டாக்டர்ங்க, ரெண்டு வாரத்துக்குள்ள அஞ்சு கோவிட் பேஷன்ட் மூளையோட பெரிய ரத்தக்குழாய் அடைச்சு வந்தாங்க, அஞ்சு பேருமே 50 வயசுக்குக் கீழன்னு எழுதினாங்க. அப்புறம் அங்கயே வேற ரெண்டு ஆஸ்பத்திரில கணக்கு எடுத்தப்போ, கேஷுவாலிட்டிக்கு வந்த இல்ல அட்மிட் ஆன கோவிட் பேஷன்ட்ல 100க்கு 1.6 பேருக்கு ஸ்ட்ரோக், ஃப்ளூ பேஷன்ட்ல 100க்கு 0.2 பேர். அப்போ ஃப்ளூன்னா பயமில்லன்னு எடுத்துக்காதீங்க. பிரிட்டன்ல 2004ல வந்த ஒரு பெரிய ஆய்வுல, சளி இருமல்னு மூச்சுக்குழாய் இன்ஃபெக்ஷன் வந்த முதல் மூணு நாள்ல ஸ்ட்ரோக் வர்ற வாய்ப்பு சாதாரண நாளை விட சுமார் மூணு மடங்கு, ஹார்ட் அட்டாக் கிட்டத்தட்ட அஞ்சு மடங்குன்னு வந்துச்சு, அடுத்தடுத்த வாரங்கள்ல மெதுவா இறங்குது. மொத்தத்துல ஒருத்தருக்கு இதோட வாய்ப்பு கம்மிதான், ஜுரம் வந்த எல்லாரும் நடுங்கணும்னு நான் சொல்லல. ஆனா ஏற்கனவே பிபி, சுகர், ஹார்ட் பிரச்சனை, முன்னாடி ஒரு தடவை ஸ்ட்ரோக், சிகரெட், அதிக எடை, கேன்சர் ட்ரீட்மென்ட், பிரசவம் ஆகி ஒன்றரை மாசத்துக்குள்ள இருக்க பொண்ணுங்க, கருத்தடை மாத்திரை சாப்பிடுறவங்க, இவங்க வீட்ல இருந்தா கண்ணை அவங்க மேலயே வச்சிருங்க.

அம்மை பத்தி ஒண்ணு சொல்லணும், இது நிறைய பேருக்குத் தெரியாது. சின்னம்மை வந்து போன குழந்தைக்கு, அபூர்வமாத்தான், ஆனா சில மாசம் கழிச்சுக்கூட மூளை ரத்தக்குழாய் சுருங்கி ஸ்ட்ரோக் வரலாம். பெரியவங்களுக்கு அதே வைரஸ் அக்கியா திரும்ப வரலாம். கண்ணைச் சுத்தி, நெத்தில அக்கி வந்தவங்களுக்கு அடுத்த சில வாரம் சில மாசம் ஸ்ட்ரோக் வாய்ப்பு கூடுதலா இருக்கும். அக்கி எழுதுறதுக்கு ஆள் தேடிட்டு இருக்க நேரத்துல தோல் டாக்டரையோ பொது மருத்துவரையோ பாத்திருங்க, கொப்பளம் வந்த மூணு நாளுக்குள்ள வைரஸ் மாத்திரை ஆரம்பிச்சா பலன் நல்லா இருக்கும், கண் பக்கம்னா கண் டாக்டரும் பாக்கணும்.

டெங்கு மட்டும் வேற கதை, இதைக் குழப்பிக்காதீங்க

சென்னைல மழை ஆரம்பிச்சு டிசம்பர் வரைக்கும் வர்ற ஜுரத்துல டெங்கு நிறைய. டெங்குல பெரும்பாலும் பிரச்சனை உறையறது இல்ல, பிளேட்லெட் விழுந்து ரத்தம் கசியறது. மூளைக்குள்ளயும் கசியலாம், அதுவும் ஸ்ட்ரோக்தான், ஆனா அடைப்புக்கு எதிர்ப்பக்கம். அதனால "ரத்தம் உறையாம இருக்க ஒரு ஆஸ்பிரின் போட்டுக்கோ"ன்னு வாட்ஸ்அப்ல பாத்துட்டு யாராவது சொன்னா தயவுசெஞ்சு கேக்காதீங்க. என்ன ஜுரம்னு தெரியற வரைக்கும் பாராசிட்டமால் மட்டும்தான், அதுவும் டாக்டர் சொன்ன அளவுல. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் மூணும் வேண்டாம். மெடிக்கல்ல "ஜுரத்துக்கும் உடம்பு வலிக்கும் சேத்து ஒரு மாத்திரை குடுங்க"ன்னு கேட்டு வாங்கற பழக்கம் நம்ம ஊர்ல இருக்கு, அந்தக் கலவைல இது இருக்கலாம், அட்டையைத் திருப்பிப் படிங்க. இன்னொண்ணு, டெங்குல ஜுரம் இறங்கற நேரம்தான் ஆபத்தான நேரம், மூணாவது நாள்லேர்ந்து ஏழாவது நாளுக்குள்ள. ஜுரம் விட்டுச்சு, ஆனா வயிறு வலிக்குது, வாந்தி நிக்கல, ஈறுல ரத்தம், ஆள் ஒரு மாதிரி மந்தமா இருக்கார்னா அன்னைக்கே ஆஸ்பத்திரி.

தினமும் காலைலயும் சாயங்காலமும் பண்ண வேண்டிய பரிசோதனை

ரெண்டு நிமிஷம் கூட ஆகாது. காபியோ கஞ்சியோ குடுக்கப் போறதுக்கு முன்னாடி அவரை எழுப்பி உக்கார வைங்க. படுத்த நிலைல பாத்தா பாதி விஷயம் தெரியாது, வாய் கோணல்கூட தலையணைல ஒரு பக்கமா சாஞ்சிருந்தா கண்டுபிடிக்க முடியாது.

முதல்ல முகம். "பல்லைக் காட்டுங்க"ன்னு சொல்லுங்க, சிரிங்கன்னு சொன்னா ஜுரத்துல இருக்கவர் எரிச்சல்படுவார். ரெண்டு ஓரமும் ஒரே அளவு விரியுதா பாருங்க. அப்புறம் கண்ணை மூடிட்டு ரெண்டு கையையும் உள்ளங்கை மேல பாக்கற மாதிரி முன்னாடி நீட்டச் சொல்லுங்க, நீங்க பத்து எண்ணுங்க. ஸ்ட்ரோக்ல ஒரு கை மட்டும் மெதுவா கீழ இறங்கும், உள்ளங்கை உள்பக்கமா திரும்பும், அவருக்கே அது தெரியாது, கை நேராத்தான் இருக்குன்னு சொல்வார். ஜுர பலவீனத்துல ரெண்டு கையும் சேந்து தளரும், அதுதான் வித்தியாசம். சிக்குன்குனியா வந்தவங்க தோள் வலில கையத் தூக்க மாட்டாங்க, ஆனா அவங்க வலிக்குதுன்னு கத்துவாங்க. ஸ்ட்ரோக்ல பெரும்பாலும் வலியே இருக்காது, அந்தக் கை தன்னுதே இல்லாத மாதிரி கிடக்கும்.

பேச்சுக்கு நாக்கு சுழட்டுற வாக்கியமெல்லாம் வேண்டாம், நல்லா இருக்கவங்களுக்கே ழகரம் வராது. வீட்டு நம்பர், தெருப் பேர், பேரப்பசங்க பேர், இதைக் கேளுங்க, தினம் சொல்ற வார்த்தைல வர்ற குழறல் டக்குன்னு காதுல விழும். சில பேர் தெளிவா பேசுவாங்க ஆனா சம்பந்தமே இல்லாம பேசுவாங்க, டம்ளரைக் காட்டி இது என்னன்னா செருப்பும்பாங்க. அதை ஜுரத்துல பிதற்றறார்னு தள்ளிடாதீங்க. ஜுரத்தோட புதுசா குழப்பம் வந்தா அது ஸ்ட்ரோக்கோ மூளைக் காய்ச்சலோ எதுவா இருந்தாலும் ஆஸ்பத்திரி விஷயம்தான்.

அப்புறம் எழுந்து பாத்ரூம் வரைக்கும் நடக்கும்போது ஒரு பக்கமா இழுக்குதா, தள்ளாடறாரா, பார்வை ரெட்டையா தெரியுதா, ஒரு கண்ணு மங்கலா இருக்கா. காபி குடிக்கும்போது ஒரு ஓரமா வழியுதா, டம்ளரை எப்பவும் பிடிக்கற கைல பிடிக்காம மறு கைல வாங்கறாரா. இந்தச் சின்ன விஷயத்தை டாக்டரை விட வீட்ல இருக்க நீங்கதான் முதல்ல பாப்பீங்க. பாத்தப்போ மணி என்னன்னு காலண்டர்ல ஓரமா குறிச்சு வைங்க, "காலை 7, நல்லா இருந்தார்"னு. இந்தக் குறிப்பு எவ்வளவு முக்கியம்னு கீழ சொல்றேன்.

முகம் மட்டும் கோணி, அந்தப் பக்கம் கண்ணையும் மூட முடியல, நெத்தியும் சுருங்கலன்னா அது முகவாதமா இருக்கலாம், அதுவும் வைரஸால வரும், பெரும்பாலும் சரியாயிடும். ஆனா "காத்து பட்டிருக்கு"ன்னு வீட்லயே முடிவு பண்ற வேலை வேண்டாம், எதுன்னு சொல்றது டாக்டர் வேலை.

மூளை மட்டும் இல்ல

ரத்தக்கட்டி கால்லயும் வரும், அங்கேர்ந்து நுரையீரலுக்குப் போகும். ரெண்டு கெண்டைக்காலையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, ஒரு கால் மட்டும் வீங்கி, சூடா, தொட்டா வலிக்குதுன்னா தைலம் தேச்சு உருவி விடாதீங்க. நம்ம வீடுகள்ல கால் வலின்னா உடனே அமுக்கி விடுறது பாசத்துல வர்ற பழக்கம், ஆனா உள்ள கட்டி இருந்தா அது பிடுங்கிட்டுப் போகலாம். திடீர்னு மூச்சு வாங்குது, மூச்சை இழுத்தா நெஞ்சுல குத்துது, இருமல்ல ரத்தம், மயக்கம், இதெல்லாம் நேரா 108தான். கொரோனா காலத்துல வாங்கின பல்ஸ் ஆக்ஸிமீட்டர் அலமாரில இருந்தா பேட்டரி மாத்தி வைங்க, 94க்குக் கீழ போனா டாக்டர்கிட்ட பேசுங்க, நகத்துல மருதாணியோ பாலிஷோ இருந்தா நம்பர் தப்பா காட்டும், வேற விரல்ல பாருங்க.

தலைக்குள்ள சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி எடுத்துட்டுப் போற குழாய், அந்தப் பக்கமும் அடைக்கும், இதை நான் அழுத்திச் சொல்லணும், ஏன்னா வர்றவங்க நிறைய பேர் சின்னப் பொண்ணுங்க, பிரசவம் ஆனவங்க. பச்சை உடம்புக்காரிக்கு தண்ணி அதிகம் குடுக்கக் கூடாது, பத்தியம்னு சொல்லி ஒரு நாளைக்கு ரெண்டு மூணு டம்ளர்ல நிறுத்திடறாங்க, அதோட ஜுரமும் வந்தா ரத்தம் கெட்டியாகறதுக்கு வேற எதுவும் வேண்டாம். நாளுக்கு நாள் ஏறிட்டே போற தலைவலி, படுத்தா அதிகமாகுது, வாந்தி, பார்வை மங்கல், திடீர்னு வலிப்பு, இப்படி வந்தா கண் திருஷ்டி, தூக்கமில்லாததுன்னு சொல்லாம உடனே கூட்டிட்டுப் போங்க. ரத்தம் உறையாம இருக்கப் போடற ஹெபாரின் ஊசி சீக்கிரம் போட்டா பெரும்பாலானவங்க நல்லபடியா எழுந்து வந்துடறாங்க. பெரியவங்க மனசு நோகாம, அத்தை, பாட்டி யாரா இருந்தாலும் உக்கார வச்சுச் சொல்லுங்க, தாய்ப்பால் குடுக்கற பொண்ணுக்கு தண்ணி அதிகம்தான் வேணும்.

தடுக்கறதுக்கு வீட்ல என்ன பண்ணலாம்

தண்ணி, மோர், கஞ்சி, இளநீர், ஓ.ஆர்.எஸ்., ஏதோ ஒண்ணு போய்கிட்டே இருக்கணும். யூரின் அடர் மஞ்சளா போச்சுன்னா பத்தலன்னு அர்த்தம். ஹார்ட் ஃபெயிலியர், கிட்னி பிரச்சனை இருக்கவங்களுக்கு அளவு டாக்டர்தான் சொல்லணும், கிட்னி பிரச்சனைன்னா இளநீர் வேண்டாம். முழிச்சிருக்க நேரத்துல ஒரு மணிக்கு ஒரு தடவையாவது எழுந்து ஹால் வரைக்கும் நடக்கட்டும், முடியலன்னா படுத்தபடியே பாதத்தை மேலயும் கீழயும் ஆட்டச் சொல்லுங்க.

வழக்கமான மாத்திரை விஷயத்துலதான் வீடுகள்ல பெரிய குளறுபடி. ஜுரத்துக்கு ஆன்டிபயாட்டிக் ஆரம்பிச்சதும், மாத்திரை ஜாஸ்தியாச்சுன்னு பிபி மாத்திரையை நிறுத்திடறாங்க. தானா நிறுத்தாதீங்க. அதே சமயம் சாப்பாடே இறங்கல, வாந்தி பேதின்னா சில பிபி மாத்திரையையும் சுகர் மாத்திரையையும் அளவு மாத்த வேண்டி வரும், அதை போன் பண்ணிக் கேட்டு மாத்துங்க. அசிட்ரோம் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்பிடுறவங்க புதுசா எந்த ஆன்டிபயாட்டிக் எழுதினாலும் அந்த டாக்டர்கிட்ட இதைச் சொல்லியே ஆகணும், சிலது சேந்தா ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுங்கற அளவு) எகிறிடும். ஹார்ட்ல ஸ்டென்ட் வச்சு ஈகோஸ்பிரின் (இதுவும் ஆஸ்பிரின்தான்), க்ளோபிடோக்ரல் ஓடிட்டு இருக்கவங்களுக்கு டெங்கு வந்தா, நிறுத்தறதா வேண்டாமான்னு ஹார்ட் டாக்டரும் ஜுரம் பாக்கற டாக்டரும் பேசி முடிவு பண்ற விஷயம், நீங்களா நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம், அன்னைக்கே கேளுங்க.

உடம்புல ரத்தக்கட்டி உருவாகிக் கரையுதான்னு பாக்கற டி-டைமர் ரத்த டெஸ்ட்டை சும்மா போய் எடுக்காதீங்க. 2021ல ஜுரம் வந்தவங்க எல்லாம் லேப் வாசல்ல நின்னு எடுத்தாங்க. எந்த இன்ஃபெக்ஷன்லயும் அது ஏறும், கர்ப்பத்துல ஏறும், வயசானா ஏறும். ஒரு லேப் 500ன்னு எல்லை போடும், இன்னொண்ணு 0.5ன்னு போடும், ரெண்டும் ஒண்ணுதான், நானோகிராமா மைக்ரோகிராமாங்கறது மட்டும்தான் வித்தியாசம். இதுக்கு டி.டி.யு., எஃப்.இ.யு.ன்னு ரெண்டு அளவு முறை வேற இருக்கு, டி.டி.யு. கணக்குல குடுக்கற லேப்ல 250னா அது எஃப்.இ.யு. கணக்குல சுமார் 500. இது தெரியாம ரெண்டு ரிப்போர்ட்டை பக்கத்துல வச்சு ராத்திரி முழுக்க அழுத குடும்பம் எல்லாம் இருக்கு. டாக்டர் கேட்டா எடுங்க, நம்பரை விளக்க வேண்டியதும் அவர்தான். அதே மாதிரி கோவிட்ல அட்மிட் ஆனவங்களுக்கு ஆஸ்பிரின் குடுத்துப் பாத்த ரெகவரிங்கற பெரிய பிரிட்டிஷ் ஆய்வுல, கிட்டத்தட்ட 15,000 பேர், உயிர் பிழைக்கறதுல வித்தியாசம் வரல. அட்மிட் ஆனவங்களுக்கு வயித்துல போடற ஹெபாரின் ஊசி வேற, அது டாக்டர் பாத்து அளவு போட்டுத் தர்றது.

சந்தேகம் வந்த நிமிஷம்

முகம், கை, பேச்சு, நடை, பார்வை, இதுல ஒண்ணு திடீர்னு மாறினாலே போதும், ரெண்டாவதுக்காக காத்திருக்காதீங்க. 108 அடிங்க, "ஸ்ட்ரோக் மாதிரி இருக்கு, ஒரு கை வரல"ன்னு அந்த வார்த்தையவே சொல்லுங்க, ஜுரம்னு ஆரம்பிக்காதீங்க, ஜுரம் இருக்குங்கறதை ரெண்டாவதா சொல்லுங்க. கூடவே ஒருத்தரை தெருமுனைக்கு அனுப்புங்க, மண்ணடி, திருவல்லிக்கேணி, வியாசர்பாடி பக்கம் சந்துக்குள்ள ஆம்புலன்ஸ் வர முடியாது, வழி காட்ட ஆள் நின்னாலே அஞ்சு நிமிஷம் மிச்சம். லிஃப்ட் இல்லாத மாடின்னா கைப்பிடி உள்ள கெட்டியான பிளாஸ்டிக் சேரை ரெடியா வைங்க, அதுல உக்கார வச்சு ரெண்டு பேர் தூக்கி இறக்கலாம்.

வண்டி வர்ற வரைக்கும் வாயில எதுவும் குடுக்காதீங்க. தண்ணி கூட வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். விழுங்கற சக்தி போயிருந்தா அது நுரையீரலுக்குப் போயிடும். ஈகோஸ்பிரின் கண்டிப்பா வேண்டாம், அடைப்பா கசிவான்னு சி.டி. ஸ்கேன் எடுக்காம யாராலயும் சொல்ல முடியாது, கசிவா இருந்தா அந்த மாத்திரை எரியற தீல எண்ணெய். பிபி 180, 200ன்னு காட்டினாலும் நாக்குக்கு அடில மாத்திரை வச்சு இறக்காதீங்க, அடைபட்ட மூளைக்கு ரத்தம் போறதுக்கு அந்த பிரஷர் அப்போ தேவைப்படும். விரல் நுனில ஊசி குத்தறது, காது மடலை இழுக்கறது, புறா ரத்தம் தடவறது, எதுவும் வேண்டாம், எல்லாமே நேரத்தை தின்னுடும். வாந்தி எடுத்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க.

ஒண்ணே ஒண்ணு மட்டும் பண்ணலாம், வீட்ல சுகர் மெஷின் இருந்தா ஒரு துளி பாருங்க. ஜுரத்துல சாப்பிடாம சுகர் மாத்திரையோ இன்சுலினோ போட்டவங்களுக்கு சுகர் 70க்குக் கீழ இறங்கி அச்சு அசலா ஸ்ட்ரோக் மாதிரியே கைகால் விழலாம். அந்த நம்பரை ஆம்புலன்ஸ்ல வர்றவங்ககிட்ட முதல் வார்த்தையா சொல்லுங்க, அவங்க நரம்பு வழியா குளுக்கோஸ் போட்டுடுவாங்க.

அப்புறம் நேரம். "எப்ப கண்டுபிடிச்சீங்க"ங்கறதை விட முக்கியம், "கடைசியா எப்ப நல்லா இருந்தார்"ங்கறது. மருந்துக்கான கடிகாரம் அதுலேர்ந்துதான் ஓடுது. அடைப்பு ஸ்ட்ரோக்குக்கு கட்டியைக் கரைக்கற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். பெரிய குழாய் அடைச்சிருந்தா தொடை வழியா டியூப் விட்டு கட்டியை இழுத்து எடுக்கறது ஆறு மணி நேரம் வரைக்கும், ஸ்கேன் பாத்து தகுதி இருக்க சிலருக்கு 24 மணி நேரம் வரைக்கும் கூட. பெரிய குழாய் அடைச்சா ஒரு நிமிஷத்துக்கு சுமார் 19 லட்சம் மூளை செல் போகுது. காலைல ஏழு மணிக்கு நல்லா இருந்தார்னு காலண்டர்ல இருந்தா பத்து மணிக்கு வந்தவருக்கு ஊசி கிடைக்கும். அந்தக் குறிப்பு இல்லாம, "நேத்து ராத்திரி படுக்கும்போது பாத்தது"ன்னு சொன்னீங்கன்னா டாக்டர் ராத்திரிலேர்ந்துதான் எண்ண முடியும், அந்த ஊசி பெரும்பாலும் கைநழுவிடும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன்ல ஸ்ட்ரோக் வந்து எவ்வளவு நேரம்னு கணிச்சு சிலருக்கு ஊசி போட முடியும், எல்லாருக்கும் முடியாது.

அறிகுறி வந்து பத்து நிமிஷத்துல தானா சரியாயிடுச்சுன்னா? அப்பவும் போகணும். அடுத்த ரெண்டு நாள்ல பெரிய ஸ்ட்ரோக் வர்ற வாய்ப்பு அவங்களுக்குத்தான் அதிகம்.

எங்க போறது

தெரு முனை கிளினிக், குடும்ப டாக்டர், சின்ன நர்சிங் ஹோம், எங்கயும் நிக்காதீங்க. 24 மணி நேரமும் சி.டி. ஓடற, ஊசி போடற டாக்டர் இருக்க இடம்தான். அரசு ஆஸ்பத்திரின்னா சென்ட்ரல் எதிர்ல ஜி.எச்., வடசென்னைக்கு ஸ்டான்லி, அப்புறம் கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை. தமிழ்நாடு அரசோட அவசர சிகிச்சைத் திட்டத்துல விபத்து, ஹார்ட் அட்டாக்கோட ஸ்ட்ரோக்கும் சேத்திருக்காங்க, அதனால 108ல வர்றவங்களுக்கு எங்க கொண்டு போகணும்னு தெரியும், அவங்க சொல்றதைக் கேளுங்க, "எங்களுக்குத் தெரிஞ்ச டாக்டர் அங்க இருக்கார்"னு வண்டியைத் திருப்பாதீங்க. பிரைவேட்ல போறவங்க, ஜுரம் வந்த முதல் நாளே, ஆமா, ஸ்ட்ரோக் வர்றதுக்கு முன்னாடியே, பக்கத்துல இருக்க ரெண்டு ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு "ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தாலும் சி.டி. எடுப்பீங்களா, ஸ்ட்ரோக் ஊசி போடுவீங்களா"ன்னு நேரடியா கேட்டு, நம்பரை ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வைங்க. மழைக்காலத்துல சப்வேல தண்ணி நின்னா எந்த வழின்னும் அப்பவே யோசிங்க.

கைல எடுத்துட்டுப் போக வேண்டியது ஒரு பை: இப்ப சாப்பிடற எல்லா மாத்திரை அட்டையும் அப்படியே, ரத்தம் உறையாம இருக்க மருந்து இருந்தா கடைசியா எப்ப போட்டாருங்கறது, பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, ஜுரத்துக்கு எடுத்த ரத்த டெஸ்ட் ரிப்போர்ட் அதுல பிளேட்லெட் எண்ணிக்கை, ஆதார், ஸ்மார்ட் கார்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழ இருந்தா பொதுவா கரைக்கற ஊசி போட மாட்டாங்க, அதனால டெங்கு சந்தேகம் இருந்தா அந்த ரிப்போர்ட்டை முதல்ல நீட்டுங்க.

கையெழுத்து கேக்கும்போது

இங்கதான் நம்ம குடும்பங்கள் நேரத்தை இழக்குது. சி.டி.ல கசிவு இல்லன்னு தெரிஞ்சதும் டாக்டர் வந்து, இந்த ஊசில மூளைக்குள்ள ரத்தம் கசியற ஆபத்து இருக்குன்னு சொல்வார். 1995ல வந்த ஒரு பெரிய ஆய்வுல ஊசி போட்டவங்கள்ல 100க்கு சுமார் ஆறு பேருக்கு அப்படி ஆச்சு. அதே ஆய்வுல, ஊசி போட்டவங்க மூணு மாசத்துல ஊனம் இல்லாம, இல்ல ரொம்பக் கம்மி ஊனத்தோட எழுந்திரிக்கற வாய்ப்பு போடாதவங்களை விட குறைஞ்சது 30 சதவீதம் அதிகமா இருந்துச்சு. ஆபத்துன்னு கேட்டதும் பெரியப்பாவுக்கு போன், துபாய்ல இருக்க மச்சானுக்கு போன், அவர் இன்னொரு டாக்டரைக் கேக்கறேங்கறார், அரை மணி நேரம் போச்சு. எல்லாரையும் கேக்கறது நம்ம மரியாதை, புரியுது, ஆனா முடிவெடுக்க ஒருத்தர்னு வீட்ல முன்கூட்டியே பேசி வச்சிருங்க. என் மனசுல பட்டதைச் சொல்றேன், டாக்டர் இவருக்கு ஊசி பொருந்தும்னு சொன்னா, ஸ்கேன் ரூம் வாசல்லயே கையெழுத்து போட்டுடுங்க.

டிஸ்சார்ஜ் ஆனப்புறம்

எந்தக் காரணத்தால வந்த ஸ்ட்ரோக்னு கேட்டு எழுதி வாங்கிக்கோங்க, ஏன்னா அடைப்பு, கசிவு, சிரை அடைப்பு மூணுக்கும் மாத்திரை வேற வேற. இன்ஃபெக்ஷன் நேரத்துல இதயத்துடிப்பு தாறுமாறாகி அதனால கட்டி வந்திருக்கலாம், ஈ.சி.ஜி., எக்கோ, 24 மணி நேரம் இதயத்துடிப்பைப் பதியற ஹோல்ட்டர் டெஸ்ட் எடுத்தாங்களான்னு கேளுங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை குடுத்திருந்தா கருப்பா மலம், மூக்குல ரத்தம், காரணமில்லாத கன்றிப்போன தடம், இதைப் பாத்துக்கோங்க, ஆனா ஒரு நாளும் தவற விடாதீங்க. முதல் முறை வாயால குடுக்கும்போது விழுங்கறாரான்னு ஆஸ்பத்திரில சோதிச்சிட்டுத்தான் ஆரம்பிக்கணும், வீட்லயும் நேரா உக்கார வச்சுத்தான் ஊட்டணும்.

ஃப்ளூ ஊசி வருஷா வருஷம் போட்டுக்கறதைப் பத்தி டாக்டர்கிட்ட பேசுங்க, 50 தாண்டினவங்க அக்கி ஊசியும் கேக்கலாம், விலை கூடத்தான் ஆனா இருக்கு. பிசியோவை மட்டும் தள்ளிப் போடாதீங்க, முதல் மூணு மாசத்துலதான் கைகால் நிறைய திரும்ப வரும், வாரத்துக்கு ஒரு நாள் போயிட்டு வர்றதுல பத்தாது, அங்க சொல்லிக் குடுக்கறதை வீட்ல தினமும் ரெண்டு மூணு வேளை பண்ணணும். அவரைத் தூக்கிட்டு அலைய முடியலன்னா உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைக் குடுங்க, 2021லேர்ந்து நடக்கற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிபி, சுகர் மாத்திரையும் பிசியோவும் வீட்டுக்கே வருது, காசு கிடையாது.